கட்டாமல் விட்ட கயிறு



எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்றினுள் ஒரு தோணி நிற்கிறது. நீளம் பதினைந்து அங்குலம். அகலம் நாலரை அங்குலம். பாய்மரமும், பருமலும், சுக்கானும், நங்கூரமும், சமையலுக்கான அடுப்புப் பெட்டியும் உரிய இடங்களில் அமைந்திருக்கின்றன. வீட்டுக்கு வருவோர் அதைச் சுற்றி நின்று பார்ப்பார்கள், வியப்பார்கள். பிறகு அவர்களில் கூர்ந்து நோக்குபவர் எவரேனும், “இந்த ஒரு கயிறு மட்டும் ஏன் சுருண்டு கிடக்கிறது? கட்ட மறந்துவிட்டீர்களா?” என்று கேட்பார்.

மறக்கவில்லை. தெரிந்தேதான் கட்டாமல் விட்டிருக்கிறேன். அதற்கான காரணத்தை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். ஏனெனில் அந்தக் காரணம் என் வீட்டோடு முடிந்துபோவதன்று. உங்கள் வீட்டிலும் அது இருக்கக்கூடும்.

நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் வசிப்பவன். எங்கள் பூர்வீகம் கீழக்கரை. வாப்பா இரும்புச் சாமான் வியாபாரத்தின் பொருட்டுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார்கள். நான் 1984-ல் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் வேலைக்குச் சேர்ந்து, 2021-ல் ஓய்வு பெற்றேன். இரும்பைக் கடைந்து பழகிய கைக்கு மரத்தின் மீது ஆசை வந்தது 1988-ல்.

அவ்வாண்டு, பாரிஸில் குடியேறியிருந்த என் மச்சான் விடுமுறையில் வந்தபோது ஒரு பெரிய பெட்டியைக் கொண்டு வந்தார். ‘ஹெல்லர்’ என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் பிளாஸ்டிக் கப்பல் தொகுப்பு அது. உள்ளே இருந்தது பதினான்காம் லூயி மன்னரின் ‘சொலேய் ரொயால்’ என்ற போர்க்கப்பலின் மாதிரி. 1692-ல் தீக்கிரையான அந்தக் கப்பலை, நூற்றில் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்திருந்தார்கள். ஒட்டிச் சேர்க்க எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆயிற்று. அதன் முகப்பிலும் பின்புறத்திலும் உருவச் சிலைகள் ஏராளம். உயிருள்ளவற்றின் உருவங்களை வீட்டில் வைக்க மனம் ஒப்பாமல், அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு மீதியைப் பொருத்தினேன். அடுத்த முறை வந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டு, “பாதிக் கப்பலைக் காணோமே!” என்று சிரித்தார். எனினும் அந்தப் பாதிக் கப்பலே என்னைப் பிடித்துக்கொண்டது.

பிறகு பிளாஸ்டிக்கை விட்டு மரத்திற்கு வந்தேன். இக்கலையை அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்மைக் கப்பல் எந்த முறைப்படி கட்டப்படுகிறதோ, அதே முறைப்படி சிறியதாகக் கட்டுவதே இதன் இலக்கணம். முதலில் ஏரா என்னும் அடிக்கட்டை. அதன்மேல் வங்குகள், அதாவது கப்பலின் விலா எலும்புகள். வங்குகளின் மேல் பலகைகள். பலகை என்று நான் சொல்வது தீக்குச்சியைவிடச் சற்றே அகலமான மரச்சீவல். வெந்நீரில் ஊறவைத்து வளைக்க வேண்டும். ஆணிக்குப் பதிலாக மூங்கில் சிம்பு. அளவு பெரும்பாலும் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அதாவது உண்மைக் கப்பலின் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலம். கப்பல் கட்டத் தேக்கு சிறந்த மரம். ஆனால் மாதிரிக்கு அது ஒத்துவராது. அதன் ரேகைகள் பருமனானவை. சின்னக் கப்பலில் வாய்க்கால் வெட்டியதுபோல் தெரியும். நெருக்கமான ரேகை கொண்ட மஞ்சக்கடம்பே எனக்குக் கைகொடுத்தது. தச்சுப் பட்டறைகளில் கழித்துப் போடும் துண்டுகளே போதும்.

கயிறுகளுக்குத் தையல் நூல். அந்த நூலில் பிசிறு நின்று, கயிறு கம்பளிப் பூச்சிபோல் தோன்றியது. என் மனைவிதான் வழி சொன்னாள்: “தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.” அன்று முதல் இன்றுவரை என் கப்பல்களின் கயிறெல்லாம் அவள் மெழுகிட்டுத் தந்தவை. தூசியைக் குறித்தும் செலவைக் குறித்தும் அவளுக்குக் குறைகள் உண்டு, அவை நியாயமானவையே.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதுவோர்க்கு ஒன்று சொல்வேன். 1748-ல் துஹமெல் து மொன்சோ என்ற அறிஞர், தம்மிடமிருந்த கப்பல் மாதிரிகளைப் பிரெஞ்சு மன்னருக்கு அளித்தார். கப்பல் கட்டும் பொறியாளர்கள் பார்த்துப் பயில்வதற்காக அவை லூவர் அரண்மனையில் வைக்கப்பட்டன. பாரிஸில் இன்றுள்ள கடற்படை அருங்காட்சியகத்துக்கு அதுவே வித்து. நெப்போலியன் காலத்துப் போர்களில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சு மாலுமிகள், தங்களுக்கு உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் சேர்த்துச் செதுக்கிக் கப்பல் மாதிரிகள் செய்து விற்றார்கள். ஊரை விட்டுப் பிரிந்தவனுக்குக் கப்பல் என்பது வீட்டின் மறுபெயர் போலும்!

இவ்வாறு இருபது ஆண்டுகளில் பிரெஞ்சுக் கப்பல்கள் நான்கும் ஆங்கிலக் கப்பல்கள் இரண்டும் செய்து முடித்தேன். இந்த நிலையில்தான் 2009-ல் என் பெரிய வாப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாப்பாவின் மூத்த சகோதரர் அவர்கள். 1932-ல் பிறந்து, பதினாறு வயதில் சரக்குத் தோணியில் ஏறியவர்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பாய்விரித்து ஓடிய தோணிகளில் சமையற்காரப் பையனாகத் தொடங்கி, சுக்கான் பிடித்து, பின்பு தண்டல் ஆனவர்கள். தண்டல் என்றால் தோணியின் தலைவர். 1974-ல் கடலை விட்டார்கள். பெரியம்மா வபாத்தான பிறகு தனிமையில் இருக்க வேண்டாமென்று நாங்கள்தாம் வற்புறுத்தி அழைத்து வந்தோம்.

பேச்சுக் குறைவானவர்கள். ஐவேளைத் தொழுகை, திண்ணை, வானத்தைப் பார்த்தல். இவ்வளவே அவர்களது நாள். நானோ இரவு பத்து மணிவரை பக்கத்து அறையில் நூலும் பசையுமாக இருப்பேன். ஈராண்டுகள் இப்படிக் கழிந்தன. ஓர் இரவு, கதவருகே வந்து நின்றார்கள். மேசைமேல் இருந்த மூன்று பாய்மரக் கப்பலை நெடுநேரம் பார்த்தார்கள்.

“இது யார் கப்பல், தம்பி?”

“பிரெஞ்சுக்காரங்க கப்பல், பெரிய வாப்பா. புதுச்சேரிக்கு வந்துபோன ரகம்.”

“அது?”

“அது இங்கிலீஷ்காரங்க கப்பல்.”

“நம்ம தோணி எங்கே?”

அவ்வளவுதான் கேட்டார்கள். பதிலை எதிர்பாராமல் தஹஜ்ஜத்துக்கு எழவேண்டும் என்று படுக்கப் போய்விட்டார்கள். எனக்கு அன்று உறக்கம் வரவில்லை. எங்கோ கடலடியில் மக்கிப்போன அரசர்களின் கப்பல்களில் எந்தக் கயிறு எந்த முளையில் கட்டப்படும் என்பதை மனப்பாடமாக அறிவேன். பாயும் கயிறுமாய்க் கடலில் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் அடுத்த அறையில் படுத்திருக்கிறார். அவரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை.

மறுநாள் கேட்டேன். “வரைபடம் இல்லாம எப்படிச் செய்வே?” என்றார்கள். தோணி கட்டும் ஓடாவிகள் வரைபடம் வைத்துக் கட்டுவதில்லை என்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் பெரும் மரக்கலங்களைக் கட்டும் கைவினைஞர்களும் அவ்வாறே. அளவெல்லாம் மேஸ்திரியின் மனத்தில் இருக்கும். அந்த மனம் அடங்கினால் அளவும் அடங்கிவிடும்.

“வா, காட்டுறேன்” என்று சொல்லிவிட்டு, பெரிய வாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். மின்கம்பத்தருகே நின்று, “இது அணியம்” என்றார்கள். அணியம் என்பது தோணியின் முன்தலை. அங்கிருந்து அளந்து அளந்து நடந்தார்கள். “இங்கே பெரிய பாய்மரம். இங்கே சரக்கு இறக்குற வாய். இது அடுப்புப் பெட்டி. மணல் கொட்டி அதுமேலே அடுப்பு. இது தண்ணிப் பீப்பாய். இது அமரம், இங்கேதான் நான் உக்காந்திருப்பேன்” என்று எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்கள். பின்தலையில் நிற்பதாக நினைத்த அந்த முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு களை இருந்தது. பட்டறையின் நாடாவை எடுத்து அளந்தேன்: அறுபது அடி. குறுக்கே அவர்கள் காட்டியது பதினெட்டு அடி. அண்டை வீட்டார் சிலர் கூடி நின்று பார்த்தார்கள். எங்கள் தட்டாஞ்சாவடித் தெருவில் அன்று காலை ஒரு தோணி நங்கூரமிட்டிருந்தது.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு ஒரு மணிநேரம் எனக்குப் பாடம். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடிப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். பாயைத் தாங்கும் சாய்வான நீள மரம் பருமல். ஒவ்வொரு கயிற்றையும் நான் நூலில் கட்டிக் காட்டுவேன். தவறாக இருந்தால் வாயால் சொல்லமாட்டார்கள். நகத்தால் சுண்டி அவிழ்ப்பார்கள். சரியாக இருந்தால், “ம்” என்பார்கள். அந்த “ம்” எனக்குப் பட்டமளிப்பு.

வியப்பு என்னவென்றால், “தோணியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கு எதுவுமே நினைவுக்கு வராது. “இந்தக் கயிறு எங்கே போகும்?” என்று கையில் கொடுத்துக் கேட்டால், கயிற்றோடு ஒரு புயல் வரும், ஒரு துறைமுகம் வரும், உடன் ஓடிய கலாசிகளின் பெயர்கள் வரும், ஓடும் வெங்காயமும் கருவாடும் ஏற்றிய கணக்கு வரும். நினைவு அவர்களது தலையில் இல்லை, விரலில் இருந்தது.

அந்நாள்களில்தான் பாரிஸ் மச்சான் ஒரு பழைய பிரெஞ்சு நூலின் சில பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பினார். 1843-ல் வெளியான அந்நூலை எழுதியவர் பிரான்சுவா எத்மோன் பாரி என்னும் கடற்படை அதிகாரி. மூன்றுமுறை உலகைச் சுற்றிவந்தவர். சென்ற கரையெங்கும் அந்தந்த நாட்டு மக்களின் மரக்கலங்களை அளந்து வரைந்தவர். நம் சோழமண்டலக் கரையின் கலங்களும் அதில் இடம்பெற்றுள்ளன.

சலங்கை அறியாத இளைய தலைமுறைக்கு ஒரு சொல்: புதுச்சேரியில் பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை சலங்குகளே. அவற்றில் இரும்பாணி கிடையாது. பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்த பெரிய வாப்பா, “தையலைச் சரியாப் பாத்திருக்கான் மனுசன்” என்றார்கள்.

அந்த மனிதரைப் பற்றி மேலும் அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1837 முதல் 1840 வரை ‘ஆர்தெமீஸ்’ என்ற கப்பலில் அவர் மேற்கொண்ட பயணத்தின்போது புதுச்சேரிக்கு வந்தார். இங்கே ஆலை ஒன்றைப் பார்வையிடுகையில் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் சிக்கி இடக்கையை இழந்தார். கடைசல் இயந்திரத்தோடு வாழ்ந்தவன் நான். அது எப்படிப்பட்ட கணம் என்பதை அறிவேன். ஆயினும் அவர் நிற்கவில்லை. எஞ்சிய ஒரு கையோடு அந்நூலை வெளியிட்டார். 1871-ல் லூவரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றார். தாம் வரைந்த கலங்களின் மாதிரிகளைச் செய்வித்து அங்கே வைத்தார். 1893-ல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

நேயர்களே, சிந்தித்துப் பாருங்கள். எங்கிருந்தோ வந்த ஓர் அந்நியர், நம் கரையில் நின்று, நம் மாலுமிகளின் கலங்களை முழம் முழமாக அளந்தார். நாமோ அவர்களின் பேரப்பிள்ளைகள். வள்ளல் சீதக்காதி மரைக்காயரின் கொடையைப் பெருமையோடு பேசுகிறோம். அவருடைய கப்பலின் ஒரு பலகை எத்தனை விரல் அகலம் என்று கேட்டால் நம்மால் சொல்ல இயலுமா? இதே புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை, வந்த கப்பலையும் போன கப்பலையும் குறித்து வைத்தார். எழுதியவர் எழுதினார், அளந்தவர் அளந்தார். நாம் கேட்கக்கூட இல்லை.

இனி அந்தக் கயிற்றுக்கு வருகிறேன்.

2014-ன் தொடக்கத்தில் தோணி ஏறத்தாழ முடிந்துவிட்டது. பருமலின் பின் நுனியிலிருந்து இறங்கும் ஒரு கயிறு மட்டுமே பாக்கி. “காத்து மாறினா அதையும் மாத்திக் கட்டுவோம். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஜும்ஆ முடிஞ்சு வா, காட்டுறேன்” என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. ஒருவர் விலை கொடுத்து வாங்க ஒப்புக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கப்பலுக்கு மெருகு பூசிக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்து இருமுறை குரல் கேட்டது. “நாளைக்குப் பார்க்கலாம், பெரிய வாப்பா” என்றேன்.

அடுத்த செவ்வாயன்று ஃபஜ்ருக்கு எழுந்தவர்கள் ஒளூச் செய்யும் இடத்திலேயே சாய்ந்துவிட்டார்கள். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சும் வலக்கையும் போயின.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், தோணியைக் கட்டில் அருகே கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் இடக்கையைத் தூக்கி, அந்த நூலின் நுனியைத் தொட்டார்கள். பிறகு விரல் அமரத்தின் பக்கம் போயிற்று, நின்றது, மறுபக்கம் போயிற்று. “இங்கேயா?” என்றேன். விரல் நகர்ந்தது. “இங்கேயா, பெரிய வாப்பா?” மீண்டும் நகர்ந்தது. கண்ணில் நீர் திரண்டது. கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்குமேல் அவர்களை வருத்த எனக்குத் துணிவில்லை. நாற்பது நாள்கள் கழித்து வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தக் கயிற்றின் விடை தேடித் தூத்துக்குடிக்குச் சென்றேன். அங்கே இருப்பவை இயந்திரம் பொருத்திய தோணிகள். பாய் ஓட்டிய காலத்தை அறிந்த முதியவர்கள் இருவரைக் கண்டேன். இருவரும் அன்போடு சொன்னார்கள். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதற்கு மாறாக இருந்தது. அவரவர் தோணியில் அவரவர் வழக்கம். பாரியின் ஏட்டிலும் விடை இல்லை. அது நூறாண்டுகளுக்கு முந்திய வேறு தோணி.

தோணியைப் பார்த்த நண்பர் ஒருவர், “எங்காவது கட்டிவிடுங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார். அவர் சொன்னதில் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் யாருக்கும் தெரியாது என்பதால்தான் கட்டக்கூடாது என்று எனக்குப் பட்டது. தெரிந்தவர்கள் இருந்தால் என் தவறைத் திருத்துவார்கள். தெரிந்தவர்களே இல்லாதபோது, நான் இட்ட முடிச்சே உண்மையாகிவிடும். நாளை என் பேரன் அதைப் பார்த்து, “எங்கள் முன்னோர் இப்படித்தான் கட்டினார்கள்” என்று பத்துப் பேரிடம் சொல்வான். பெரிய வாப்பா தந்த மற்றெல்லா முடிச்சுகளும் அமானிதம். அந்த அமானிதத்தின் நடுவே என் ஊகத்தைக் கலக்க எனக்கு உரிமை இல்லை. எனவே அந்தக் கயிற்றை மெழுகிட்டு, வட்டமாகச் சுருட்டி, தளத்தின் மீது வைத்துவிட்டேன். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இது என்று அந்தத் தோணி தானே சொல்லட்டும்.

2022 மார்ச்சில் புதுச்சேரிப் பழைய துறைமுகத்தின் பாலத்தில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. செய்தி கேட்டு நானும் போய்ப் பார்த்தேன். பலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடிந்த பிறகு எடுக்கும் படங்கள் அவை. இரும்பும் சிமெண்டும் விழுந்தால் ஓசை கேட்கிறது, ஊர் கூடுகிறது. ஒரு முதியவரின் நினைவில் உள்ள அளவுகள் விழும்போது எந்த ஓசையும் எழுவதில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எல்லோரும் கப்பல் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் தோணி ஓட்டியவராக இருக்கலாம். பாய் முடைந்தவராக இருக்கலாம். தறி நெய்தவராக, சங்கு குளித்தவராக, நூறு பேருக்குச் சோறு ஆக்கிய உம்மும்மாவாக இருக்கலாம். “உங்கள் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். சொல்லத் தெரியாமல் திகைப்பார்கள். அவர்கள் பிடித்த பொருளைக் கையில் கொடுங்கள், “இதை எப்படிப் பிடிப்பது?” என்று கேளுங்கள். நாடாவும் தாளும் அருகில் இருக்கட்டும். அவர்கள் அழைக்கும்போது, “நாளைக்கு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பாய்த்தோணி ஓட்டிய பெரியவர்கள் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பருமலின் பின் நுனிக் கயிற்றைக் காற்று மாறும்போது எங்கே கட்டினார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தத் துறையில், எந்த ஆண்டில் ஓடிய தோணி என்பதையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும் பாதகமில்லை. அவையும் நம் செல்வமே.

என் பேரனுக்கு இப்போது ஏழு வயது. போன வாரம் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, “இந்தக் கயிறு எங்கே போகும், அப்பா?” என்று கேட்டான். பெரிய வாப்பாவிடம் நான் ஒவ்வொரு நாளும் கேட்ட அதே கேள்வி. “எனக்குத் தெரியாதுடா கண்ணு. தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்” என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “நானும் தேடுறேன்” என்றான்.

பெரிய வாப்பாவின் மறுமை நல்வாழ்வுக்காக துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.